நாற்பத்தேழாம் கேள்வியின் விடை

அரசுத் தேர்வு ஒன்றின் தற்காலிக விடைப்பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெளிவந்தது. சுப்ரியா அப்போது கல்லூரி லேபில் இருந்தாள். முப்பது பிள்ளைகள் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு மூலையில் நின்று போனில் ஒவ்வொரு விடையாகச் சரிபார்த்தாள். நாற்பத்தாறு வரை நன்றாகப் போயிற்று. நாற்பத்தேழில் விரல் நின்றுவிட்டது. அவள் எழுதிய விடை ‘பி’. தேர்வு வாரியம் சொன்ன விடை ‘ஏ’.

மறந்தோ குழம்பியோ போட்ட விடையாக இருந்தால் விட்டிருப்பாள். இது அப்படியல்ல. காலியாக இருந்த ஒரு கணினியின் முன் உட்கார்ந்து ஆறு வரிப் புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்த்தாள். ‘பி’தான் வந்தது. பக்கத்துக் கணினியிலும் ஓட்டினாள். அங்கேயும் ‘பி’. காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன. “மிஸ், என்ன ஆச்சு?” என்று ஒரு பெண் கேட்டாள். “உன் வேலையைப் பாரு” என்றாள் சுப்ரியா. அந்தப் பெண்ணை அதுவரை அவள் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சுப்ரியா கரமனைக்காரி. எம்.சி.ஏ. முடித்த கையோடு தம்பானூரில் ஒரு பயிற்சி மையத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தாள். அப்புறம் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் ஜாவாவில் புரோகிராம் எழுதினாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது அந்த வேலையை விட்டாள். அம்மா போன பிறகு திரும்பிப் போய்க் கேட்டால், அவள் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இப்போது ஒரு தனியார் என்ஜினியரிங் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர். பதினொரு மாதம் ஆனால் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மறுபடியும் புது ஆளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார்கள். அடையாள அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட்டோ கொடுக்க வேண்டும். அரசு வேலைக்கான வயது வரம்பு அந்த வருஷத்தோடு அவளுக்கு முடிகிறது. உதவிப் புரோகிராமர் பதவிக்கான இந்தத் தேர்வுதான் கடைசி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கணவன் நாகேஸ்வரனிடம் ஆரம்பித்துவிட்டாள். அவன் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். எதற்கும் பதறாத ஆள். அந்தப் பதறாமை சில நாள் அவளுக்கு ஆறுதல், சில நாள் எரிச்சல்.

“ஒரு மார்க்குதானே. அதுக்கு ஏன் இப்படிப் பறக்கறே?” என்றான்.

“ஒரு மார்க்குக்குள்ளே நூறு பேர் நிக்கறா. தெரியுமோ?”

“சரி, என்னதான் கேட்டிருக்கா அதுலே?”

“ஜாவாலே துண்டு துண்டா எழுதற கிளாஸை எல்லாம் பேக்கேஜ் பேக்கேஜா வெப்போம். அதோட பேர் என்ன, எத்தனாவது பதிப்பு, யார் பண்ணினதுன்னு எல்லாம் அதுலேயே குறிச்சு வெக்கலாம். புரோகிராம் ஓடிண்டிருக்கும்போதே ஒரு கிளாஸைக் கூப்பிட்டு, நீ எந்தப் பேக்கேஜ்னு கேட்டா சொல்லும். எந்தப் பேக்கேஜ்லேயும் வெக்காத ஒரு கிளாஸ்கிட்ட அதையே கேட்டா என்ன வரும்? இதுதான் கேள்வி.”

“என்ன வரும்?”

“அட்ரஸ்லே வீட்டுப்பேர் எழுதறோமில்லையா, அது மாதிரி வெச்சுக்கோங்கோ. முன்னாடியெல்லாம் வீட்டுப்பேர் இல்லாதவன்கிட்டக் கேட்டா வாயே திறக்கமாட்டான். ஒண்ணும் வராது. அதைத்தான் ‘நல்’லுங்கறது. ஒம்பதாம் பதிப்புலேர்ந்து அப்படி இல்லை. வீடு உண்டு, பேர் வெக்கலைன்னு பதில் வரும். காலிப் பேரோட ஒரு பேக்கேஜ். நான் அதைத்தான் எழுதினேன். அவா பழசைப் பிடிச்சுண்டு தொங்கறா.”

நாகேஸ்வரன் கொஞ்சம் யோசித்தான். “அப்போ அவா சொல்றதும் ஒரு காலத்துலே சரிதானே?”

“ஒரு காலத்துலே இந்த ஊர்லே குதிரை வண்டி ஓடித்து. அதுக்காக பஸ் ஸ்டாப்பிலே நின்னு குதிரைக்குக் காத்துண்டிருப்பேளா? இந்தக் கேள்வியை எழுதின மனுஷன் என் கையிலே கிடைக்கணும். எந்தப் பதிப்புன்னு ஒரு வார்த்தை போட வேண்டாமோ? அவனை நாலு கேக்காம விடமாட்டேன்.”

ஆட்சேபம் தெரிவிக்க ஐந்து நாள் அவகாசம். அவள் இரண்டாம் நாளே அனுப்பிவிட்டாள். ஜாவாவின் அதிகாரபூர்வமான விளக்கப் பக்கம், தான் ஓட்டிப் பார்த்த ஆறு வரி, திரையில் வந்த விடையின் படம் எல்லாவற்றையும் இணைத்தாள். கீழே, ‘விடையை ‘பி’ என்று திருத்த வேண்டும்’ என்று தெளிவாக எழுதினாள். அனுப்பிய பிறகு மனசு கொஞ்சம் அடங்கிற்று. இவ்வளவு தெளிவாகக் காட்டிய பிறகு யாரும் மறுக்க முடியாது என்று நம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து இறுதிப் பட்டியல் வந்தது. நாற்பத்தேழுக்கு நேரே ‘நீக்கப்பட்டது’ என்று ஒரே வார்த்தை. தேர்வானவர்கள் பட்டியலும் அதே வாரம் வந்தது. சுப்ரியாவின் எண் அதில் இல்லை. ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்குதான் குறைவு. நாற்பத்தேழுக்கு உரிய ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்திருந்தால் தாராளமாக உள்ளே வந்திருப்பாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நேராக வாரிய ஆபீசுக்குப் போனாள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்த்தி வைத்த பிறகு ஒரு பெண் அதிகாரி கூப்பிட்டார். பேச்செல்லாம் மலையாளத்தில்தான். அதிகாரி கடுமையான ஆள் அல்ல. ஃபைலைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “இரண்டு விடைக்கும் நியாயம் இருக்கிறது என்று நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. அப்படி வந்தால் கேள்வியை நீக்குவதுதான் முறை. யாருக்கும் நஷ்டம் கிடையாது.”

“எனக்கு நஷ்டம்” என்றாள் சுப்ரியா.

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே நீக்கியிருக்கிறோம்.”

“சரியாக எழுதினவளுக்கும் எழுதாதவளுக்கும் ஒரே மாதிரி. அதைத்தான் நஷ்டம் என்கிறேன். நிபுணர் குழுவில் யாராவது அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்களா?”

“அது எனக்குத் தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

அதிகாரி பேனாவை மூடினார். சுப்ரியா வெளியே வந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் தகவல் உரிமை மனு எழுதினாள். அந்தக் கேள்வி எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த ஆதாரத்தை வைத்து விடை முடிவானது, இந்த இரண்டுதான். தபால் பிரிவில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினாள்.

அந்த ஒரு மாதம் வீட்டில் யாரும் அவளிடம் அனாவசியமாகப் பேசவில்லை. தோசை வார்த்தால் கல் அதிர்ந்தது. கல்லூரியில் அவள் லேபுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் தானாகவே அடங்கினார்கள்.

இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. கேள்வியும் விடையும் ‘பெருமாள்ஸ் கம்ப்யூட்டர் கைடு’, பதினான்காம் பதிப்பு, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. வேறு ஆதாரம் எதுவும் பார்க்கப்படவில்லை.

சுப்ரியா அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பெருமாள்ஸ் கைடைப் போடுவது தம்பானூர் பயிற்சி மையத்தின் உரிமையாளர் பகவதிப்பெருமாள். படித்து முடித்ததும் ஒரு வருஷம் அவள் வேலை பார்த்தது அவரிடம்தான். அங்கே அவளுக்கு வேலையே கேள்வி எழுதுவது. ரெண்டாயிரத்துச் சொச்சம் எழுதியிருப்பாள். அதை எல்லாம் சேர்த்துத்தான் அவர் புத்தகமாகப் போட்டார். கழக்கூட்டம் போன பிறகு அந்தப் புத்தகத்தை அவள் கையால்கூடத் தொட்டதில்லை.

சனிக்கிழமை காலை தம்பானூருக்குப் பஸ் ஏறினாள். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே புத்தகக் கடையில் பதினான்காம் பதிப்பு வாசலிலேயே அடுக்கியிருந்தது. நின்றபடியே இருநூற்றுப் பன்னிரண்டைப் புரட்டினாள். தேர்வில் ‘டெமோ’ என்று இருந்த கிளாஸுக்கு இங்கே ‘கரமனை’ என்று பெயர். இருபத்துமூன்று வயதில் எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர் வைப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. நான்கு விடைகளின் வரிசைகூட அவள் போட்டதுதான். கையில் கிடைத்தால் நாலு கேட்பேன் என்று இத்தனை நாளாகக் கறுவிய ஆள் அவளேதான்.

உடனே அந்தப் பாடத்தின் முதல் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரு வரி இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் அவள் அதைத் தவறாமல் எழுதிக் கொடுத்திருந்தாள். ஜாவாவின் எட்டாம் பதிப்பு அப்போதுதான் வந்த சமயம். ‘ஜாவா எட்டாம் பதிப்புக்கு மட்டும். எழுதியது: என். சுப்ரியா.’ இப்போது அந்த இடத்தில் ஒரு பூக்கொடிப் படம் இருந்தது.

பகவதிப்பெருமாளின் மையம் ஒரு லாட்ஜுக்கு மேலே இரண்டாம் மாடி. ஆள் நாஞ்சில் நாட்டுக்காரர், அறுபதைத் தாண்டியவர். அவர் மேஜைக்கு எதிரே ஒரு பெண் மடியில் அதே கைடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுப்ரியாவின் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறையலாம். சுப்ரியா அவளைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

“சார், இந்தப் பக்கத்துலே ஒரு வரி இருந்தது. எங்கே போச்சு?”

பகவதிப்பெருமாள் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். “சுப்ரியாவா. இரி மோளே. எத்தனை வருசமாச்சு.”

“உக்கார வரலை. அந்த வரி எங்கே?”

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “எட்டாம் பதிப்புன்னு இருந்துல்லா, அதுவா? ஒம்பது வந்த பெறவு எட்டுன்னு போட்ட புஸ்தகத்தை எவன் வாங்குவான்? அதான் எடுத்தேன்.”

“வரியை எடுக்கத் தெரிஞ்ச உங்களுக்குக் கேள்வியை மாத்தத் தெரியலையா?”

“ரெண்டாயிரம் கேள்வியையும் ஆரு இரிந்து பாக்கதுக்கு? நீ போயிட்டே. அட்டையில வருசத்தை மாத்துவேன், அவ்வளவுதான். எல்லா கைடும் அப்படித்தான் வருகு.”

“என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே. ஒரு போன். என் பேரை எடுத்தது போகட்டும். எந்தப் பதிப்புக்குன்னு இருந்ததை எதுக்கு எடுத்தேள்? அந்த ஒரு வரி இருந்திருந்தா இந்தக் கேள்வியைக் கண்ணை மூடிண்டு அப்படியே எடுத்துப் போட்டிருப்பாளா? எனக்கு வேலை போச்சு சார். இனிமே எழுதறதுக்கு வயசும் இல்லை.”

“நான் என்ன, வாரியத்துக்காரன் கையப் பிடிச்சு எழுத வச்சேனா?”

மடியில் கைடோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். “சேச்சி, ஒரு காரியம் கேக்கட்டா. நாப்பத்தேழைப் பத்தி வாரியத்துக்கு எழுதிப் போட்டது நீங்கதானா?”

“ஆமாம். நீங்க?”

“எம் பேரு லிபி. ஊரு பாறசாலை. நானும் எழுதினேன், இதே பரீச்சைதான். நான் ‘ஏ’ எழுதினேன். மொதல்ல வந்த பட்டியல்படி எனக்கு மார்க் உண்டு, வேலையும் உண்டு. நீங்க எழுதிப் போட்டு அதை எடுக்க வச்சாச்சு. இப்ப ரெண்டும் இல்ல. அதைக் கேக்கத்தான் சாரைப் பாக்க வந்தேன்.”

“நான் எடுக்கச் சொல்லலை. திருத்தத்தான் சொன்னேன்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” லிபியின் குரல் உயரவில்லை. “ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன்ல இருக்கேன். காலைல ஒரு மணிக்கூர், சாயங்காலம் ஒரு மணிக்கூர், பஸ்ஸில நின்னுக்கிட்டே மூணு வருசம் இந்தப் புஸ்தகத்தைப் படிச்சேன். கோச்சிங் ஒண்ணும் போகல்ல. நீங்க எழுதினதை அப்படியே எழுதினேன். இப்ப அது தப்புன்னு நீங்களே சொல்லியாச்சு. நான் என்ன செய்யணும் சேச்சி? சொல்லுங்க.”

மூன்று மாதமாகச் சுப்ரியாவின் கோபத்துக்குப் போக ஒரு திசை இருந்தது. வாரியம், நிபுணர், அதிகாரி, பெருமாள் என்று ஒருவர் மாற்றி ஒருவர்மேல் அது பாய்ந்தது. இந்தப் பெண்ணின் முன்னால் அதற்குப் போக்கிடமில்லை. ஜாவா எட்டிலிருந்து ஒன்பதுக்கு மாறியது அவளுக்குத் தெரிந்த அன்றே தான் எழுதிய பழைய கேள்விகள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

“முதல் பதிப்பு ஒண்ணு எனக்கு வேணும்” என்றாள் பகவதிப்பெருமாளிடம். “அதுலே அந்த வரி இருக்கும். வாரியத்துக்குக் காட்டணும்.”

“ஒரே ஒரு காப்பிதான் இரிக்கு. அதைத் தர ஒக்காது.”

லிபி எழுந்தாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்து, வரிசையாக நின்ற பதினான்கு பதிப்புகளில் ஓரமாக இருந்த மெல்லிய புத்தகத்தை உருவினாள். “ஏய், ஏய்” என்று அவர் எழுவதற்குள் அது அவள் பைக்குள் போய்விட்டது. இரண்டு பெண்களும் ஒன்றாகப் படி இறங்கினார்கள்.

வாரியத்துக்கு மனுவை இருவரும் சேர்ந்துதான் போட்டார்கள். ஜாவாவின் எந்தப் பதிப்பு என்று சொல்லாத கேள்வி என்பதால் ‘ஏ’ எழுதினவர்களுக்கும் ‘பி’ எழுதினவர்களுக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்பது கோரிக்கை. அப்படித் தந்தால் இருவருக்குமே இடம் உண்டு. ஜெராக்ஸ் கடையில் நின்று சுப்ரியா எழுதினாள், லிபி கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, “உங்களுக்காக ஒண்ணும் இல்ல, கேட்டீங்களா” என்றாள். “தெரியும்” என்றாள் சுப்ரியா.

விசாரணைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர், பட்டியல் வெளியாகிவிட்டது, இனி மாற்றினால் மற்றவர்கள் வழக்குப் போடுவார்கள் என்று மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். சுப்ரியா முதல் பதிப்பையும் பதினான்காம் பதிப்பையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

“இதை எழுதினது நான்” என்றாள். “ஜாவா எட்டாம் பதிப்புக்கு என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். புத்தகம் போட்டவர் அதை எடுத்துவிட்டார். நீங்கள் கேள்வியை எடுத்து எங்கள் தலையில் போட்டீர்கள். எழுதினவளே சொல்கிறேன், பதிப்பு இல்லாமல் இது கேள்வியே இல்லை. ஓட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். உங்களில் ஒருத்தர்கூட அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை. அதற்கு நானும் இவளும் தண்டனை அனுபவிக்கிறோம்.”

“உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.”

“வருத்தமில்லை. கோபம்.”

லிபி பக்கத்தில் கைகட்டி நின்றாள். அறையை விட்டு வெளியே வந்ததும் சுப்ரியாவின் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மனு தள்ளுபடியானது. உத்தரவு ஒன்றரைப் பக்கம். அதில் கேள்வியைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை, பட்டியலை மாற்ற முடியாது என்பதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்தார்கள். சுப்ரியாவின் கல்லூரி ஒப்பந்தமும் அந்த மாதம்தான் முடிந்து, வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வாரியத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பாட அறிவுள்ளவர் என்ற முறையில் அடுத்த தேர்வுக்குக் கேள்வி தயாரித்துத் தர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். நாகேஸ்வரன் சந்தோஷப்பட்டான். “பாத்தியா, கடைசிலே ஒத்துண்டுட்டா. உன்னை மதிச்சுன்னா கேட்டிருக்கா.”

“என்னை வேலைக்கு எடுக்க மாட்டா. என் கேள்வி மாத்திரம் வேணும். அதுவும் பேரில்லாம.” அவள் உடனே பதில் எழுதினாள். எழுதியவர் யார், எந்தப் பதிப்புக்கு எழுதியது, யார் சோதித்துப் பார்த்தது என்ற மூன்றையும் ஒவ்வொரு கேள்வியோடும் பதிந்து வைப்பதானால் வருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

பகவதிப்பெருமாள் போன் செய்தது எதிர்பாராதது. பாறசாலைப் பெண் வாரா வாரம் வந்து அவர் வாசலில் நிற்கிறாளாம், புத்தகம் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் கதையைச் சொல்கிறாளாம். “வியாபாரமே படுத்துப் போச்சு மோளே. நீ வந்து அதைத் திருத்தித் தந்திரு.” சுப்ரியா அவரை மன்னிக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் நின்றபடி அதைப் படிக்கிறவர்களை நினைத்துப் போனாள். ஒன்பது சனிக்கிழமை உட்கார்ந்து ஜாவாப் பகுதி முழுவதையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துத் திருத்தினாள். அறுபத்துமூன்று விடைகள் மாறின. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஜாவாவின் பதிப்பு எண்ணைப் போடச் சொன்னாள். இடம் போகும் என்று அவர் முனகியபோது, பூக்கொடியை எடுங்கள் என்றாள்.

லிபி மறு வருஷம் வேறொரு துறையின் தேர்வை எழுதினாள். முடிவு வந்த அன்று காலை சுப்ரியாவுக்கு ஒரு செய்தி வந்தது. ‘ரேங்க் 38’. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

சுப்ரியா ‘சந்தோஷம்’ என்று அடித்தாள். அழித்தாள். மறுபடியும் அதையே அடித்து அனுப்பினாள்.

“உனக்குச் சந்தோஷமா, வயித்தெரிச்சலா? மூஞ்சியைப் பாத்தா தெரியலையே” என்றான் நாகேஸ்வரன்.

“ரெண்டும்தான்” என்றாள் சுப்ரியா. கல்லூரியில் புது ஒப்பந்தத்தின் முதல் நாள் அன்றைக்கு. போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.